காசர்கோட்டு உறுப்பினர் குமுளிக்கு வந்த கதை: இடுக்கி, தேனி மக்களவை உறுப்பினர்களுக்கு ஒரு திறந்த மடல்

மாண்புமிகு இடுக்கி, தேனி மக்களவைத் தொகுதி உறுப்பினர்களுக்கு,

வணக்கம். நான் வாக்களிப்பது உங்களில் ஒருவருக்குத்தான். ஆயினும் இம்மடலை இருவருக்கும் சேர்த்தே எழுதுகிறேன், ஏனெனில் எங்கள் எல்லைப்புறத்தில் பொழுது விடிவதே உங்கள் இரண்டு தொகுதிகளையும் தொட்டுக்கொண்டுதான். கம்பம், கூடலூர், போடி பகுதிகளிலிருந்து ஜீப்புகளில் நெருக்கியடித்து ஏறிவரும் பெண்கள், குமுளி வழியாகவும் கம்பமெட்டு, போடிமெட்டு வழியாகவும் ஏலத்தோட்டங்களுக்குப் போய், வேலை முடிந்து இருட்டுவதற்குள் மலையிறங்கிவிடுகிறார்கள். அவர்களுடைய வாக்கு தேனியில் இருக்கிறது, உழைப்பு இடுக்கியில் இருக்கிறது. அவர்களுக்காகப் பேச வேண்டியவர் உங்களில் யார் என்ற கேள்விக்கு, கேரளத்துத் தமிழ்வழிப் பள்ளியில் ஆசிரியனாக இருந்து ஓய்வு பெற்ற எனக்கு இன்றுவரை விடை கிடைக்கவில்லை.

தேர்தல் வரும்போதெல்லாம் எங்கள் பக்கத்து மேடைகளில் கேரளத்துக் கம்யூனிஸ்ட் தலைவர் ஏ.கே.கோபாலனின் பெயர் கேட்கும். ஏ.கே.ஜி. என்ற மூன்றெழுத்தைச் சொன்னால் போதும், கைதட்டல் தானாக வரும். அவர் மக்களவையில் என்ன செய்தார் என்று அந்த மேடையில் இருப்பவர்களைக் கேட்டால் மட்டும் விடை தயங்கித்தான் வரும். இதில் என்னையும் குற்றம் சொல்லிக்கொள்ள வேண்டும். இந்தியாவின் முதல் எதிர்க்கட்சித் தலைவர் என்று பல ஆண்டுகள் வகுப்பில் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். 1952இல் அமைந்த முதல் மக்களவையில் எந்த எதிர்க்கட்சிக்கும் பத்தில் ஒரு பங்கு இடம்கூட இல்லாததால் முறைப்படி அப்படி ஒரு பதவியே ஏற்கப்படவில்லை என்பதும், அது முதன்முறையாக 1969இல் ராம் சுபக் சிங்குக்குத்தான் கிடைத்தது என்பதும் எனக்குப் பின்னாளில்தான் தெரியவந்தது. ஏ.கே.ஜி. அந்த அவையில் இருந்தது பெரிய எதிர்க்கட்சிக் குழுவின் தலைவராக. பட்டம் இல்லாமல் அந்த வேலையை அவர் செய்தார் என்பதே சரியான செய்தி. அன்று கண்ணூர் சென்னை மாநிலத்தைச் சேர்ந்திருந்தது, ஆகவே அவர் முதன்முதலில் டெல்லிக்குப் போனதும் நம் சென்னை மாநிலத்து உறுப்பினராகத்தான்.

அவருடைய பொதுவாழ்வை முழுதாகச் சொல்வது என் நோக்கமன்று. 1936இல் கண்ணூரிலிருந்து சென்னைக்கு அவர் நடத்திச் சென்ற பட்டினிப் பயணத்தையும், 1941இல் வேலூர்ச் சிறையிலிருந்து தப்பியதையும் பலரும் எழுதிவிட்டார்கள். உங்கள் பதவிக்கு நேரடியாகத் தொடர்புள்ள மூன்று செய்திகளை மட்டும் இங்கே எடுத்துவைக்கிறேன்.

முதலாவது அமராவதி. 1961இல் இடுக்கி அணைத்திட்டத்துக்காக அய்யப்பன்கோவில் பகுதியிலிருந்து வெளியேற்றப்பட்ட குடியேற்ற விவசாயிகளின் குடும்பங்கள், குமுளிக்கு அருகிலுள்ள அமராவதியில் கொண்டுவந்து விடப்பட்டன. தென்மேற்குப் பருவமழை எங்கள் மலையில் எப்படி இறங்கும் என்பது உங்களுக்குத் தெரியும். அந்த மழையில் சரியான கூரையில்லாமல் குழந்தை குட்டிகளோடு கிடந்தவர்களுக்காக, அந்த ஜூன் மாதத்தில் ஏ.கே.ஜி. அங்கேயே வந்து காலவரையற்ற உண்ணாநோன்பு இருந்தார். அரசு இறங்கிவந்து நிவாரணத்துக்கு உடன்பட வேண்டியதாயிற்று. இரண்டே ஆண்டுகளுக்கு முன் கம்யூனிஸ்ட் ஆட்சியைக் கவிழ்த்த விமோசனப் போராட்டத்தின் முன்னணியில் நின்ற வடக்கன் பாதிரியார், இந்தப் போராட்டத்தில் அதே ஏ.கே.ஜி.க்குத் துணைநின்றார்.

இதில் நீங்கள் கவனிக்க வேண்டியது ஒன்று. அப்போது ஏ.கே.ஜி. மக்களவையில் காசர்கோட்டுத் தொகுதியின் உறுப்பினர். காசர்கோடு கேரளத்தின் வடகோடி, அமராவதி தென்கிழக்கு மூலையில் தமிழகத்தை ஒட்டிக் கிடப்பது. அங்கே மழையில் நனைந்தவர்களில் ஒருவருடைய வாக்குகூட அவருடைய வாக்குச்சீட்டுப் பெட்டியில் விழப் போவதில்லை. 'இது என் தொகுதி அல்ல' என்று அவர் சொல்லியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க முடியாது. அவர் அப்படிச் சொல்லவில்லை என்பதைத்தான், ஒரு தொகுதியில் வாக்கும் இன்னொரு தொகுதியில் கூலியுமாக வாழ்பவர்களின் சார்பில் உங்கள் முன் வைக்கிறேன்.

எங்கள் மக்களுக்கு அவர் மீது ஒரு வருத்தமும் உண்டு, அதையும் மறைக்க வேண்டியதில்லை. தேவிகுளம், பீருமேடு தாலுகாக்களைச் சென்னை மாநிலத்தோடு இணைக்க வேண்டும் என்று திருவிதாங்கூர்த் தமிழ்நாடு காங்கிரஸ் போராடிய காலத்தில், ஏ.கே.ஜி.யின் கட்சி ஐக்கிய கேரளத்தின் பக்கம் உறுதியாக நின்றது. 1956 நவம்பர் 1 அன்று கன்னியாகுமரிப் பகுதியின் நான்கு தாலுகாக்களும் செங்கோட்டையும் அந்தப் பக்கம் போயின, நாங்கள் இந்தப் பக்கம் தங்கிவிட்டோம். என் தந்தையார் கடைசிவரை அதைச் சொல்லிச் சொல்லிக் குறைப்பட்டுக்கொண்டார். அந்த நிலைப்பாட்டில் ஏ.கே.ஜி.யோடு உடன்படாத ஒருவனாக இருந்துகொண்டுதான் அவருடைய அவைப் பணியை மதிக்கிறேன்.

இரண்டாவது செய்தி அவர் உறுப்பினராவதற்கு முந்தியது. அரசியலமைப்பு நடைமுறைக்கு வந்து ஒரு மாதம்கூட முழுதாக ஆவதற்குள், 1950 பிப்ரவரியில் தடுப்புக்காவல் சட்டம் வந்தது. 1947 டிசம்பர் முதல் ஏதாவதொரு ஆணையின்கீழ்ச் சிறையிலேயே இருந்த ஏ.கே.ஜி.க்கு, மார்ச் 1 அன்று புதிய சட்டத்தின்படி இன்னொரு ஆணை கொடுக்கப்பட்டது. அவர் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார், எம்.கே.நம்பியார் அவருக்காக வாதாடினார். காவலுக்கான காரணங்களை நீதிமன்றத்திடம்கூட வெளியிடக் கூடாது என்ற 14ஆம் பிரிவு மட்டும் செல்லாது என்று அறிவிக்கப்பட்டது, ஏனைய சட்டம் நின்றது, அவர் தோற்றார். அடிப்படை உரிமைகளைத் தனித்தனிப் பெட்டிகளாகப் பார்க்கக் கூடாது என்ற கருத்தை நீதிபதி பஸல் அலி தம் மாறுபட்ட தீர்ப்பில் எழுதினார். அந்த மாறுபட்ட பார்வையே 1978 ஜனவரியில் மேனகா காந்தி வழக்கில் நாட்டின் சட்டமாகியது. வழக்குத் தொடுத்தவர் அதைப் பார்க்க அப்போது உயிரோடு இல்லை.

மூன்றாவது, 1975 ஜூலை 21. அவசரநிலை அறிவிக்கப்பட்ட பின் மக்களவை கூடிய முதல் நாள். எழுபது வயதான ஏ.கே.ஜி., பாலக்காட்டுத் தொகுதியின் உறுப்பினர், தாமும் கைதாகிச் சில நாளில் விடுவிக்கப்பட்டவர், அவையில் எழுந்து அவசரநிலையைக் கடுமையாக எதிர்த்துப் பேசினார். உறுப்பினர்கள் பலர் சிறையில் இருந்தனர். அவர் பேசியதைத் தணிக்கையின் காரணமாக நாளிதழ்கள் அச்சிட முடியவில்லை. அவருடைய சொந்த மாநிலத்தை ஆண்ட கூட்டணியோ அவசரநிலையின் ஆதரவாளர். கேட்க ஆளில்லாத, படிக்க ஏடில்லாத அந்த நேரத்தில் பேசி என்ன பயன் என்று அவர் நினைத்திருக்கலாம். அதன்பின் எதிர்க்கட்சிகள் அக்கூட்டத்தொடரைப் புறக்கணித்தது உண்மைதான், ஆனால் சொல்ல வேண்டியதைப் பதிவேட்டில் ஏற்றிவிட்டே புறக்கணித்தன. அதனால்தான் ஐம்பது ஆண்டுகள் கழிந்தும் அந்தப் பேச்சு மக்களவை நடவடிக்கைக் குறிப்பில் கிடைக்கிறது. அவசரநிலை 1977 மார்ச் 21 அன்று விலக்கப்பட்டது, அவர் மறுநாள் காலமானார்.

இனி எங்கள் காலத்துக்கு வருகிறேன். 2020 ஆகஸ்ட் 6 இரவு, மூணாறு ராஜமலைக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து, தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் லயங்களை, அதாவது வரிசை வீடுகளை, மண்ணுக்குள் கொண்டுபோயிற்று. 70 உயிர்கள் போயின. நால்வரின் உடல்கள் கடைசிவரை கிடைக்கவில்லை. இறந்தவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள், பலருடைய பூர்வீகம் தூத்துக்குடி மாவட்டத்துக் கயத்தாறு வட்டாரம். அது நடந்து ஏழு வாரம் ஆவதற்குள், செப்டம்பர் 22 அன்று மக்களவையிலும் மறுநாள் மாநிலங்களவையிலும் தொழில்சார் பாதுகாப்பு, உடல்நலம், பணிச்சூழல் தொகுப்புச் சட்டம் நிறைவேறியது. அதனுள்ளே கரைந்துபோன பழைய சட்டங்களில் ஒன்று 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம். தோட்டத்தில் குடியிருக்கும் தொழிலாளிக்கும் குடும்பத்துக்கும் வீடு கொடுத்துப் பராமரிப்பது முதலாளியின் கடமை என்று அதன் 15ஆம் பிரிவு நேரடியாகச் சொன்னது. வீடு இடிந்து உயிரிழப்பு நேர்ந்தால் இழப்பீடு தர வேண்டும் என்ற பிரிவும் 1981இல் சேர்க்கப்பட்டிருந்தது, ஆனால் இயற்கைப் பேரிடரால் இடிந்தால் அது பொருந்தாது. பெட்டிமுடிக்குப் பிறகு நாடாளுமன்றம் உட்கார்ந்து பேசியிருக்க வேண்டியது இந்த ஓட்டையைப் பற்றித்தான் என்பது என் கருத்து. நடந்ததோ வேறு. புதிய தொகுப்பில் வீட்டுக்கடமை, மாநில அரசு விதி வகுத்து முதலாளியிடம் கோரலாம் என்ற வடிவத்துக்கு இறங்கியது. அந்த இரண்டு நாளும் எதிர்க்கட்சியினரில் பெரும்பாலோர் வேறொரு காரணத்துக்காக அவையைப் புறக்கணித்திருந்தனர். சட்டம் குரல் வாக்கெடுப்பில் நிறைவேறியது. 2025 நவம்பர் 21 முதல் அது நடைமுறையிலும் இருக்கிறது.

அன்று உங்கள் இடங்களில் யார் இருந்தார்கள், எந்தக் கட்சி உள்ளே, எந்தக் கட்சி வெளியே என்று கணக்குப் பார்க்க நான் வரவில்லை. என் மனக்குறை குரல் வாக்கெடுப்பைப் பற்றியது. 'ஆம்' என்றும் 'இல்லை' என்றும் அவையில் எழும் சத்தத்தில் யாருடைய பெயரும் இருப்பதில்லை, பின்னொரு நாளில் புரட்டிப் பார்க்க ஒன்றும் எஞ்சுவதில்லை. வாக்குகளை எண்ணிப் பதிவு செய்யும் பிரிவு வாக்கெடுப்பைக் கோர அவை விதிகள் இடம் தருகின்றன, அதற்கு உள்ளே இருந்து எழுந்து கேட்க ஒருவர் வேண்டும். ஒருமுறை ஓர் உறுப்பினரின் அலுவலகத்துக்குச் சென்று, தோட்டத் தொழிலாளர் பற்றி அவையில் அவர் எழுப்பிய கேள்விகளின் பட்டியலைக் கேட்டேன். மிகுந்த மரியாதையுடன் உட்காரவைத்துத் தேநீர் கொடுத்தார்கள், அவருடைய படம் போட்ட நாட்காட்டி ஒன்றையும் தந்து அனுப்பினார்கள். அது எந்த அலுவலகம் என்பது இங்கே முக்கியமன்று.

ஆகவே உங்கள் இருவரிடமும் நான் கேட்பவை அதிகமில்லை. தோட்டத் தொழிலாளரைத் தொடும் எந்தச் சட்டமோ திருத்தமோ வந்தாலும் அவையில் இருந்து பிரிவு வாக்கெடுப்பைக் கோருங்கள். தோற்பது உறுதியானாலும் உங்கள் பெயர் எந்தப் பக்கம் என்பது ஏட்டில் ஏறட்டும். ஆண்டுக்கு ஒருமுறை நீங்கள் கேட்ட கேள்விகளையும் பேசிய பேச்சுகளையும் அளித்த வாக்குகளையும் தமிழில் அச்சிட்டு எங்கள் ஊர் வாசகசாலைகளுக்கு அனுப்புங்கள். இடுக்கி உறுப்பினருக்கு இது கூடுதல் வேலைதான், ஆனால் அவருக்கு வாக்களித்தவர்களில் மலையாள எழுத்தைப் படிக்கத் தெரியாத தமிழர்களும் இருக்கிறார்கள்.

மற்றொன்று இருவரும் சேர்ந்து செய்ய வேண்டியது. 1979ஆம் ஆண்டின் வெளிமாநிலத் தொழிலாளர் சட்டம் ஒப்பந்தக்காரர் வழியாக வந்தவர்களை மட்டுமே கணக்கில் கொண்டது. புதிய தொகுப்பு தாமாக வேலை தேடி வருபவர்களையும் சேர்த்துக்கொள்கிறது, ஆனால் மாத ஊதியத்துக்கு 18,000 ரூபாய் என்று வரம்பு வைத்திருக்கிறது. காலையில் மலையேறி மாலையில் இறங்கிவிடும், ஒரு இரவுகூட இந்த மாநிலத்தில் தங்காத பெண் அந்த வரையறைக்குள் வருகிறாளா? ஜீப் பள்ளத்தில் உருண்டால் அவளுக்கு இழப்பீடு தருவது தோட்டமா, ஜீப்புக்காரரா, எந்த மாநிலத்து அலுவலகம் அந்த வழக்கை எடுக்கும்? 2011 டிசம்பரில் முல்லைப் பெரியாறு விவகாரம் கொதித்துக் குமுளிச் சாலை அடைபட்டுக் கிடந்த நாட்களில், இரு மாநிலத்துப் பிரதிநிதிகளும் அணையின் உயரத்தைப் பற்றி நிறையப் பேசினார்கள். வேலையிழந்து வீட்டில் முடங்கிய ஏலத்தோட்டப் பெண்களின் கூலியைப் பற்றி எவரும் பேசி நான் கேட்கவில்லை. அணை விவகாரத்தில் நீங்கள் இருவரும் எதிரெதிர்ப் பக்கம் நிற்பது தவிர்க்க முடியாததாக இருக்கலாம். இந்தக் கேள்வியை இருவரும் ஒரே நாளில், ஒரே சொற்களில் அவையில் எழுப்புவதற்கு எந்த அணையும் குறுக்கே நிற்கவில்லை.

நேரம் கிடைக்கும்போது ஒரு நாள் விடியற்காலையில் குமுளிச் சோதனைச் சாவடிக்கு வாருங்கள். முன்னறிவிப்பும் மாலையும் வேண்டாம். ஜீப்புகள் வரிசையாக வரும், ஒன்றை நிறுத்தி உள்ளே இருப்பவர்களிடம் உங்கள் உறுப்பினர் யார் என்று கேளுங்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஓய்வுபெற்ற பள்ளி ஆசிரியர் ஒருவர்,
குமுளி