ஓவியப் போட்டி வேறு, ஓவிய சிகிச்சை வேறு

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். அக்டோபர் 10, உலக மனநல நாள் நெருங்கினாலே சேலத்திலும் ஏற்காட்டிலும் முதியோர் இல்லம், மறுவாழ்வு மையம், பள்ளி விடுதி என்று பல இடங்களில் ‘ஓவிய சிகிச்சை முகாம்’ பேனர் கட்டிவிடுகிறார்கள். தலைப்பு கொடுத்து, ஒரு மணி நேரம் வரையச் சொல்லி, முதல் மூன்று பேருக்குப் பரிசு, மேடையில் போட்டோ. நோக்கம் நல்லதுதான். ஆனால் பரிசு என்று சொன்ன மாத்திரத்தில், வரைய வராதவர் பென்சிலைக் கீழே வைத்துவிடுவார். யாருக்காக முகாமோ அவரே முதலில் ஒதுங்கிப்போகிறார்.

வரைவதன் வழியே மனதில் இருப்பதை வெளிப்படுத்த உதவும் ஓவிய சிகிச்சை என்பது ஒரே குழு, ஒரே அறை, ஒரே கிழமை என்று வாரக்கணக்கில் நடப்பது. 8 பேருக்கு மேல் வேண்டாம். நடத்த ஒருவர், உதவிக்கு ஒருவர். 90 நிமிடத்தில் 10 நிமிடம் பேசி உட்கார, 45 நிமிடம் வரைய, 20 நிமிடம் விருப்பப்பட்டவர் தன் படத்தைப் பற்றிச் சொல்ல, மிச்சம் துடைத்து எடுத்து வைக்க. நடுவில் பார்வையாளர் யாரும் உள்ளே வரக்கூடாது, நன்கொடையாளர் உட்பட.

காரியம் கெடுவது பெரும்பாலும் பொருளில்தான். ஜெராக்ஸ் கடை ஏ4 தாள் 70 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்). போஸ்டர் கலர் பட்டால் சுருளும், இரண்டாம் தடவை பிரஷ் ஓடினால் கிழியும். தாள் மட்டமானது என்று வரைபவருக்குத் தோன்றாது. ‘நமக்கு இது வராது’ என்றுதான் தோன்றும். 150 ஜிஎஸ்எம் தாள் வாங்குங்கள். முடியாவிட்டால் சார்ட் அட்டையின் சொரசொரப்பான பக்கம். வழவழப்பான பக்கத்தில் காய்ந்த கலர் பொருக்குப் பொருக்காக உதிரும். மனநோய்க்கு மாத்திரை சாப்பிடும் சிலருக்குக் கை நடுங்கும். தாளின் நான்கு மூலையையும் மேசையோடு டேப் போட்டு ஒட்டி, பிரஷ் காம்பில் துணி சுற்றிக் கொடுத்தால் பிடிமானம் கிடைக்கும். படபடப்பாக இருப்பவரிடம் முதல் வாரமே வாட்டர் கலரைக் கொடுக்காதீர்கள். அது ஓடிப் பரவினால் பதற்றம் கூடும். ஆயில் பேஸ்டல் போதும், அல்லது பழைய பத்திரிகையைக் கையால் கிழித்து ஒட்டச் சொல்லலாம். கத்தரிக்கோலுக்கு அங்கே வேலையில்லை. மனநல வார்டில் அது முக்கியம். போதை மறுவாழ்வு மையத்துக்குள் தின்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், ஸ்பிரிட் மார்க்கர் எதுவும் போகக்கூடாது. மறதி நோயுள்ள பெரியவர்கள் இருக்கும் இடத்தில் பிரஷ் கழுவும் தண்ணீரை டம்ளரில் வைக்காதீர்கள், எடுத்துக் குடித்துவிடுவார்கள்.

‘எனக்குப் படமெல்லாம் வராது’ என்று சொல்லும் பெண்கள் பலரும் தினமும் வாசலில் கோலம் போடுகிறவர்கள்தான். கருப்பு சார்ட்டும் சாக்பீஸும் கொடுத்துத் தொடங்கலாம். புள்ளிக் கோலம் மட்டும் வேண்டாம். பக்கத்தில் இருப்பவர் ‘கோடு தப்பிப்போச்சு பாரு’ என்று திருத்த ஆரம்பித்துவிடுவார்.

ஏற்காட்டில் ஐப்பசி, கார்த்திகை மழையிலும் மூடுபனியிலும் கலர் லேசில் காயாது. ஈரத்தோடு அடுக்கினால் அடுத்த வாரம் படங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கிடக்கும். கொடிக்கயிறும் கிளிப்பும் வேண்டும், இல்லையேல் பேஸ்டலோடு நிறுத்திக்கொள்ளுங்கள். காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் எஸ்டேட் தொழிலாளர்களுக்குக் குழு தொடங்குவதும் வீண். கூலியை விட்டுவிட்டு யார் வருவார்? சிவதாபுரம் கொலுசுப் பட்டறைக்காரர்களுக்கும் இதே கணக்குதான்.

வருகையை வலியுறுத்தக் காரணம் உண்டு. பிரிட்டனில் ஸ்கிசோஃப்ரினியா என்ற தீவிர மனநோய் உள்ள 417 பேரிடம் நடந்து 2012-ல் வெளியான ‘மாட்டிஸ்’ ஆய்வு, வாராந்திரக் குழு ஓவிய சிகிச்சையால் வழக்கமான சிகிச்சையைவிடக் கூடுதல் பலன் தெரியவில்லை என்றது. அதில் பலர் ஒழுங்காக வரவே இல்லை. வராததால் பலனில்லையா, பலனில்லாததால் வரவில்லையா என்று வாதாடலாம். ‘வண்ணம் தீட்டினால் மனநோய் தீரும்’ என்று நோட்டீஸ் அடிக்க மட்டும் அந்த ஆய்வு இடம் தரவில்லை. மாத்திரையை நிறுத்தச் சொல்வது அதைவிட ஆபத்து. நீங்களும் வருகைப் பதிவு எழுதுங்கள், பாதியில் நின்றவர்களையும் சேர்த்து. உலக சுகாதார நிறுவனத்தின் 5 கேள்வி நல்வாழ்வுப் படிவத்தை முதல் வாரமும் 12-ஆம் வாரமும் வாசித்துக் காட்டிக் கேளுங்கள். ஒரு கேள்விக்கு 0 முதல் 5. கூட்டி 4-ஆல் பெருக்கினால் 100-க்கு மதிப்பெண்.

படத்தைப் பார்த்து ஜோசியம் சொல்வதையும் விட வேண்டும். கருப்பாகத் தீட்டினால் மனச்சோர்வு, வீட்டுக்குக் கதவு இல்லாவிட்டால் தனிமை என்கிறார்கள். டப்பாவில் மிஞ்சியது கருப்பு மட்டுமாகக்கூட இருக்கலாம். ‘இதைப் பத்திச் சொல்லுங்க’ என்று கேட்டால் போதும். குழந்தை பாலியல் கொடுமையைச் சொன்னாலோ, அப்படிச் சந்தேகம் எழுந்தாலோ கிளறிக் கேட்காதீர்கள். சொன்ன வார்த்தையை அப்படியே எழுதி, போக்சோ சட்டப்படி காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098-ஐயும் அழைக்கலாம்.

துணை மருத்துவத் தொழில்களுக்கான 2021-ஆம் ஆண்டு தேசிய ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் ஓவிய சிகிச்சையாளரும் இடம்பெற்றிருக்கிறார். ஆகவே ஓவிய ஆசிரியரை வைத்து நடத்துவதை ஓவிய வகுப்பு என்றே அழையுங்கள். அதற்கும் மதிப்பு உண்டு. எதுவானாலும் படங்கள் வரைந்தவருக்கே சொந்தம். ஆளுக்கொரு ஃபைல் போட்டு பீரோவில் பூட்டி வையுங்கள். ஆண்டு மலர் அட்டையில் போடுவதென்றால் அவரிடம் எழுதி வாங்குங்கள்.

இப்படிக்கு,
சமூக உளநலப் பணியில் உள்ள ஓவியப் பயிற்றுநர்கள்,
சேலம்.