லிங்பியிலிருந்து அப்பாவுக்கு

லிங்பி, டென்மார்க்

அன்புள்ள அப்பாவுக்கு,

நலம். உங்கள் நலமும் அம்மாவின் நலமும் அறிய ஆவல். அன்றைக்கு அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தபோது, "ஈஸ்டுக்குச் சர்க்கரை போட்டுப் பார்க்கவா அவ்வளவு தூரம் போனே?" என்று நீங்கள் கேட்டது காதில் விழுந்தது. போனில் சொல்லி முடிகிற விஷயம் இல்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

இங்கே மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. சைக்கிளில்தான் போய் வருகிறேன். அதற்கென்று தனிப் பாதை இருப்பதால் பயமில்லை. சாம்பார்ப் பொடி இன்னும் இருக்கிறது என்று அம்மாவிடம் சொல்லுங்கள்.

ஈஸ்ட் செல்லை உடைத்துச் சாறெடுத்துச் சோதிப்பது பழைய வழி. 1897-இல் ஜெர்மன் வேதியியலாளர் பூக்னர் அப்படித்தான், உயிருள்ள செல் இல்லாமலே ஈஸ்டின் சாறு சர்க்கரையைப் புளிக்க வைக்கும் என்று காட்டினார். அதனால் தெரிந்துகொண்டது ஏராளம். ஆனால் உடைத்த செல் உயிரோடு இருக்காதே! நாங்கள் செல்லை உயிரோடு காந்தத்துக்குள் இறக்கி, என்.எம்.ஆர். (அணுக் காந்த ஒத்ததிர்வு) என்ற முறையில், உள்ளே சர்க்கரை என்னவாகிறது என்று அது நடக்கும்போதே பார்க்கிறோம்.

ஈஸ்டைச் சும்மா கரைத்துக் குழாயில் விட்டால் அடியில் படிந்துவிடும்; புதிதாகச் சர்க்கரைத் தண்ணீர் செலுத்தினால் அதோடு அடித்துக்கொண்டு போய்விடும். அதனால் கடற்பாசியிலிருந்து எடுக்கிற ஆல்ஜினேட்டில் ஈஸ்டைக் கலந்து, ஊசி வழியாகக் கால்சியம் குளோரைடு கரைசலில் சொட்டுச் சொட்டாக விடுவோம். விழுந்த சொட்டு உருண்டு இறுகி, வெந்த ஜவ்வரிசி மாதிரி கிடக்கும். செல் உள்ளேயே இருக்கும், சர்க்கரையும் ஆல்கஹாலும் தாராளமாகப் போய் வரும். உருண்டை பெரிதானால் நடுவில் இருக்கும் செல்லுக்குத் தீனி சரியாக எட்டாது. கரைசலில் பாஸ்பேட் கூடினால் அது கால்சியத்தைப் பிடுங்கிக்கொள்ளும், உருண்டை கொழகொழத்துவிடும். கார்பன் டை ஆக்சைடு குமிழி தேங்கினால் காந்தப்புலத்தின் சீர்மை கெடும். என் பாதி நாள் இந்த உருண்டைகளோடுதான் போகிறது.

காந்தம் 11.7 டெஸ்லா. அதன் சுருள் மைனஸ் 269 டிகிரியில் திரவ ஹீலியத்தில் மூழ்கியிருக்கிறது. நீங்கள் கொடுத்த எச்.எம்.டி. வாட்சைக் கழற்றி வெளியே வைத்துவிட்டுத்தான் உள்ளே போவேன்.

காந்தத்துக்குள் சில அணுக்கள் தரும் சிக்னல் திரையில் மேடு மேடாக வரும்; அந்த மேட்டைத்தான் சிகரம் என்கிறோம். பாஸ்பரஸ் சிக்னலில், செல்லின் ஆற்றலைச் சுமக்கும் ஏ.டி.பி. மூலக்கூறின் மூன்று பாஸ்பேட்டும் மூன்று சிகரங்களாகத் தனித்தனியே தெரியும். தனிப் பாஸ்பேட்டின் சிகரம் எந்த இடத்தில் நிற்கிறது என்பதை வைத்தே செல்லுக்குள் பிஎச், அதாவது அமிலத்தன்மை, எவ்வளவு என்று சொல்லிவிடலாம். நீங்கள் வருஷா வருஷம் பத்தாம் வகுப்புக்கு நடத்திய அந்த பிஎச் அளவுகோலை டென்மார்க் வேதியியலாளர் சோரன்சன் 1909-இல் வெளியிட்டது பக்கத்துக் கோபன்ஹேகனில், கார்ல்ஸ்பெர்க் ஆய்வகத்தில் இருந்தபோதுதான். அந்த வழியாகப் போகும்போதெல்லாம் உங்கள் நினைப்பு வருகிறது.

சர்க்கரையைப் பின்தொடர, காந்தத்தில் சிக்னல் தருகிற சற்றே கனமான கார்பனான கார்பன்-13 வேண்டும். இயற்கையில் உள்ள கார்பனில் அது 1.1 சதவீதம்தான். அதனால் முதல் கார்பனில் மட்டும் அதை வைத்துத் தயாரித்த குளுக்கோஸை வாங்கிப் போடுகிறோம், விலை அதிகம். போட்ட கொஞ்ச நேரத்தில் குளுக்கோஸின் சிகரம் தேய ஆரம்பிக்கும், எத்தனால் என்ற ஆல்கஹாலின் மெத்தில் சிகரம் எழும். சில சமயம், வழியில் உருவாகும் பிரக்டோஸ் பிஸ்பாஸ்பேட் என்ற சர்க்கரையின் ஆறாவது கார்பனிலும் அந்த கார்பன்-13 தெரியும். அப்படியென்றால் சர்க்கரை இரண்டாக உடையும் வரை போய், மறுபடி சேர்ந்து திரும்பியிருக்கிறது. உடைத்த செல்லில் இந்தப் போக்குவரத்தை இப்படிக் கூடவே இருந்து பார்க்க முடியாது, அப்பா. உருண்டைக்குள் இருக்கும் ஈஸ்ட், திரவத்தில் மிதப்பதைவிட வேகமாகச் சர்க்கரையை எடுத்துக்கொள்கிறது என்று 1980-களின் கடைசியில் அமெரிக்காவின் கால்டெக் பல்கலைக்கழகத்தில் கலாசோவும் பெய்லியும் இதே முறையில் கண்டார்கள்.

இப்போது உங்கள் கேள்விக்கு வருகிறேன். 1970-களில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் ராபர்ட் ஷுல்மன் குழு ஈஸ்டில் இந்த முறையைப் பழகியது. பிறகு யேல் பல்கலைக்கழகத்தில் மனிதர்களின் தசையிலேயே அளந்தார்கள். 1990-இல் வந்த முடிவு இது: டைப் 2 சர்க்கரை நோய் உள்ளவர்களின் தசை, குளுக்கோஸை கிளைக்கோஜனாகச் சேர்த்து வைக்கும் வேகம் மற்றவர்களுடையதில் பாதிக்கும் குறைவு. ஊசி குத்தித் தசையை வெட்டி எடுக்காமல், ஆளைப் படுக்க வைத்துக் காந்தத்தாலேயே கண்டுபிடித்தது. உங்களுக்குச் சுகர் வந்த நாளிலிருந்து நான் படிக்க நினைத்தது இதைத்தான். ஈஸ்டில் கை பழகியதும் தசைப் பக்கம் போக வேண்டும் என்று கைடிடம் கேட்டிருக்கிறேன்.

மூன்று மாதச் சராசரி பார்க்கும் ரத்தப் பரிசோதனை இந்த மாதம் எடுக்க வேண்டும் அல்லவா? ரிப்போர்ட்டை போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி அம்மாவிடம் சொல்லியிருக்கிறேன். சாயங்கால நடையை விடாதீர்கள்.

அன்பு மகள்,
கவிதா