தேருக்கு வான் எடுத்துப் போகிறவர்களுக்கு: பிரான்ஸ் சுற்றுவட்டங்கள் பற்றி

அன்பான வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

பாரிஸ் லாச்சப்பல் மாணிக்க விநாயகர் கோயில் தேர் நெருங்க, லண்டன் ஹரோவில் உள்ள எங்கள் கடையின் ஒன்பது இருக்கை வான்கள் வழக்கம்போலப் பதிவாகிவிட்டன. தேருக்குப் போகிறவர்கள் பாதி, அதே கிழமையில் பாரிஸில் கலியாண வீட்டுக்குப் போகிறவர்கள் மீதி. தொலைபேசியில் நீங்கள் கேட்பதெல்லாம் ஏறத்தாழ ஒன்றுதான். ரயிலில் போவதா கப்பலில் போவதா, பெருந்தெருவுக்குக் கட்டும் ரோல் காசு எவ்வளவு வரும், பின்னால் எத்தனை பெட்டி பிடிக்கும். சுற்றுவட்டத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறப்பதில்லை. ஆனால் திரும்பி வரும் வான்களைக் கழுவுகிற தம்பியைக் கேட்டால் அவர் முதலில் காட்டுவது இடப்பக்கத்தைத்தான். இடது பின்சில்லின் விளிம்பு கட்டுக்கல்லில் உரஞ்சியிருக்கும், இல்லாவிட்டால் இடது கண்ணாடி உடைந்து வயரில் தொங்கும். வலப்பக்கத்தில் ஒரு கீறல்கூட இருக்காது. ஏன் அப்படி என்று சொல்லத்தான் இந்த மடல்.

நமக்கு ஊரிலும் இடப்பக்கம், லண்டனிலும் இடப்பக்கம். யாழ்ப்பாணத்தில் சைக்கிள் ஓடிய காலத்திலிருந்து சுற்றுவட்டத்தை மணிக்கூட்டு முள் சுற்றுகிற திசையில்தான் சுற்றியிருக்கிறோம். பிரான்ஸில் அது அப்படியே மறுவளம். வலப்பக்கமாக நுழைந்து, முள்ளுக்கு எதிர்த்திசையில் சுற்ற வேண்டும். இது தெரியாதவர் எவரும் இல்லை. புறப்படும்போது கேட்டால் எல்லோரும் சரியாகச் சொல்வீர்கள். தெரிந்திருப்பது ஒன்று, சந்தியில் கை தானாகத் திரும்புவது வேறொன்று.

இதில் பிரான்ஸ் கரையான கலேயில் இறங்கியவுடன் நடக்கும் ஒரு விஷயம் நிறையப் பேரை ஏமாற்றிவிடுகிறது. இங்கிலாந்துக் கரையான ஃபோக்ஸ்டனில் வானோடு சுரங்க ரயிலில் ஏறினால் 35 நிமிடத்தில் மறுகரை. வெளியே வந்ததும் பாதை நேராக ஏ16 பெருந்தெருவில் கொண்டுபோய் விடும். பிறகு ஏ26, அதன் பிறகு ஏ1. பாரிஸ் வரை கிட்டத்தட்ட 290 கிலோமீற்றர், எல்லோரும் ஒரே திசையில் ஓடுகிற வீதி. எதிரே வாகனம் இல்லை, சந்தி இல்லை. ஒரு மணித்தியாலத்தில் ‘வலப்பக்கம் பழகிவிட்டது’ என்று மனம் சொல்லும். உண்மையில் அந்தப் பெருந்தெரு உங்களுக்கு எதையுமே பழக்கவில்லை. பெற்றோல் அடிக்கவோ தங்குமிடத்துக்கோ வெளியே இறங்கும்போதுதான் முதல் சுற்றுவட்டம் வரும். அப்போது நேரம் இரவு பத்து மணியாக இருக்கும், பிள்ளைகள் பின்னால் அழுதுகொண்டிருப்பார்கள்.

இன்னொன்றையும் கவனித்திருக்கிறேன். நெரிசலான சுற்றுவட்டத்தில் நம்மவர் பிழை விடுவது குறைவு. முன்னால் ஒரு பிரெஞ்சு வாகனம் போகும், நீங்கள் அதன் வாலைப் பிடித்துக்கொண்டு போவீர்கள். ஒரு வாகனமும் இல்லாத சுற்றுவட்டம்தான் ஆபத்து. வழிகாட்ட ஒருவரும் இல்லாவிட்டால் கை தன் பழைய வழக்கத்துக்குத் திரும்பிவிடும். எனக்கு நேர்ந்ததும் அதுதான். கடை தொடங்கிய முதல் வருடம் குடும்பத்தோடு போயிருந்தேன். முதல் நாள் முழுக்க ஒரு பிழையும் இல்லை. மறுநாள் காலை ஆறு மணிக்குத் தங்குமிடத்திலிருந்து தனியே பாண் வாங்க வெளிக்கிட்டேன். வெறும் வீதி. பாண் கடைக்கு முன்னால் இருந்த சிறிய சுற்றுவட்டத்துக்குள் ஹரோவில் ஓடுவதுபோல இடப்பக்கத்தால் நுழைந்துவிட்டேன். எதிரே வந்த லொறிக்காரர் விளக்கை அடித்து அடித்து நிறுத்தினார். அவர் மெதுவாக வந்ததால்தான் இந்த மடலை நான் எழுதிக்கொண்டிருக்கிறேன். மனைவிக்கு இதை இரண்டு வருடம் கழித்துத்தான் சொன்னேன்.

அதன் பிறகு நான் எனக்கென்று வைத்துக்கொண்ட ஒரு விதி இருக்கிறது. இப்போது ஒவ்வொரு வானிலும் ஸ்ரியறிங்குக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஒட்டுத்தாளில் அதை எழுதி ஒட்டியிருக்கிறோம்: ‘சாரதி ஓரத்தில், மாமா நடுவில்.’ சிரிக்க வேண்டாம். எங்கள் வான்களில் ஸ்ரியறிங் வலப்பக்கம். இங்கிலாந்தில் ஓடும்போது நீங்கள் எப்போதும் வீதியின் நடுக்கோட்டுப் பக்கம் இருப்பீர்கள், சுற்றுவட்டத்தில் நடுத்திட்டி உங்கள் வலது தோளுக்கு அருகே இருக்கும். அதே வானைப் பிரான்ஸில் ஓடும்போது உங்கள் தோள் எப்போதும் வீதியோரத்தில் இருக்க வேண்டும். நடுத்திட்டி, நடுக்கோடு, எதிரே வருகிற வாகனம் எல்லாம் முன்னிருக்கையில் இருக்கும் மாமாவின் பக்கம். வலது, இடது என்று யோசித்தால் குழம்பும். நடைபாதை உங்கள் பக்கம் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். பெற்றோல் நிலையத்திலிருந்து வெளியே வரும்போதும் இதே கேள்விதான். அங்கே போய் இடப்பக்க ஸ்ரியறிங் வாகனம் எடுக்கிறவர்களுக்கு இது மறுவளமாக வரும். அதில் சாரதி நடுவில் இருப்பார்.

கீறல்கள் இடப்பக்கத்தில் விழுவதன் காரணம் இப்போது விளங்கியிருக்கும். வீதியின் நடுவில் இருந்து பழகிய உடம்பு தன்னை நடுக்கோட்டுக்கு அருகே கொண்டுபோகப் பார்க்கும். உங்களுக்கு இடப்பக்கத்தில் இன்னும் ஒன்றரை மீற்றர் வான் இருக்கிறது என்பதை அது மறந்துவிடும். சுற்றுவட்டத்தில் அந்த ஒன்றரை மீற்றர் நடுத்திட்டியின் கட்டில் ஏறும், அல்லது பக்கத்தில் சுற்றிக்கொண்டிருப்பவரின் கதவில் போய் முட்டும்.

அடுத்தது பார்வை. இங்கே வலப்பக்கமிருந்து வருகிற வாகனத்துக்கு வழிவிடுகிறோம். அதை நம் பக்கத்துக் கண்ணாடியால், முகத்துக்கு அருகிலேயே பார்க்கிறோம். அங்கே ஏற்கெனவே சுற்றிக்கொண்டிருக்கும் வாகனம் இடப்பக்கமிருந்து வரும். நீங்கள் வானின் முழு அகலத்தையும் தாண்டிப் பார்க்க வேண்டும். இடையில் முன்கண்ணாடித் தூண் இருக்கிறது, மாமாவின் தலை இருக்கிறது, அவர் மடியில் வைத்திருக்கும் பை இருக்கிறது. ஒரு மோட்டார் சைக்கிள் மறைந்துபோக அந்தத் தூண் ஒன்றே போதும். ஆகவே நுழைவுக் கோட்டில் வானைச் சரித்து நிறுத்தாதீர்கள். சரித்தால் இடப்பக்கம் பின்னால் போய்விடும், ஒன்றும் தெரியாது. நேராக நிறுத்துங்கள். உடம்பைச் சற்று முன்னுக்கும் பின்னுக்கும் அசைத்து, தூணுக்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள். முன்னிருக்கைக்காரர் சாய்ந்து இருக்கட்டும். அவர் ‘வரலாம், வரலாம்’ என்று சொன்னாலும் உங்கள் கண்ணால் பார்த்த பிறகே நுழையுங்கள். மாமா பார்த்தது கார் மட்டுமாக இருக்கும்.

யாருக்கு முன்னுரிமை என்பது கொஞ்சம் சிக்கல், கவனமாக வாசியுங்கள். பிரான்ஸின் பழைய பொது விதி, வலப்பக்கமிருந்து வருகிறவருக்கு வழிவிடு என்பது. அதைச் சுற்றுவட்டத்தில் வைத்தால் நுழைகிறவருக்கு முன்னுரிமை, உள்ளே இருப்பவர் நிற்க வேண்டும். வட்டம் நிறைந்து அடைத்துக்கொள்ளும். இங்கிலாந்தில் 1966 நவம்பரில் இந்தச் சிக்கலை விதி மாற்றித் தீர்த்தார்கள். பிரான்ஸில் 1984 இல்தான் உள்ளே இருப்பவருக்கு முன்னுரிமை என்ற விதி வந்தது. ஆனால் அது பலகை வைத்த சுற்றுவட்டங்களுக்கு மட்டும். சிவப்பு விளிம்பு முக்கோணத்துக்குள் மூன்று அம்புகள் வட்டமாகச் சுற்றும் பலகையைக் கண்டால், அல்லது தலைகீழ் முக்கோணத்தைக் கண்டால், உள்ளே சுற்றுகிறவருக்கு நீங்கள் வழிவிட வேண்டும். பலகையின் கீழ் எழுதியிருக்கும் ‘செடே லெ பசாஜ்’ என்றால் வழிவிடு. ‘வூ நவே பா லா பிரியோரித்தே’ என்றால் உங்களுக்கு முன்னுரிமை இல்லை. நீங்கள் வெளியே காணப்போகும் சுற்றுவட்டங்களில் மிகப் பெரும்பாலானவை இந்த வகைதான்.

பலகை எதுவும் இல்லாவிட்டால் பழைய விதி திரும்ப வந்துவிடும். அதற்குப் பேர்பெற்ற இடம் பாரிஸின் வெற்றி வளைவைச் சுற்றியுள்ள எத்துவால். 12 அவெனியூக்கள் வந்து சேரும் அந்த வட்டத்தில் லேன் கோடே கிடையாது. வலப்பக்கமிருந்து உள்ளே பாய்கிறவருக்கு முன்னுரிமை, நீங்கள் வட்டத்துக்குள்ளேயே நின்று வழிவிட வேண்டும். ஒன்பது பேர் ஏறிய வானோடு அங்கே போகாதீர்கள் என்பது எங்கள் வேண்டுகோள். வளைவைப் பார்க்க ஆசையாக இருந்தால் வானை எங்காவது விட்டுவிட்டு மெற்றோவில் போங்கள், ஷாம்ப்ஸ் எலிசே பக்கமிருந்து நடந்து போகச் சுரங்கப்பாதை இருக்கிறது. லாச்சப்பலுக்கு எத்துவால் பக்கம் போகத் தேவையே இல்லை. ஏ1 பெருந்தெரு போர்த் தெ லா ஷப்பலில்தான் போய் முடிகிறது. ஜிபிஎஸ் சில வேளை இரண்டு நிமிடம் மிச்சம் பிடிக்க ஊருக்குள்ளால் இழுக்கும். இரண்டு நிமிடம் போனால் போகட்டும்.

பாரிஸைச் சுற்றி ஓடும் பெரிபெரிக்கிலும் இதே பொறி இருக்கிறது. பெருந்தெருபோலத் தெரிந்தாலும் வலப்பக்கமிருந்து இணைகிறவருக்குத்தான் அங்கே முன்னுரிமை, நீங்கள் வேகம் குறைத்து இடம் விட வேண்டும். அடுத்த வாசலில் இறங்குவதாக இல்லாவிட்டால் வலது ஓர லேனில் நிற்காதீர்கள். 2024 ஒக்ரோபரிலிருந்து அங்கே வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். உங்கள் வானின் முள் மைலில் காட்டும். 50 என்றால் ஏறத்தாழ 31 மைல்.

உள்ளே நுழைந்த பின் எல்லாம் கண்ணாடியில் பார்ப்பதுபோலத்தான். முதல் வழியால் வெளியேற வலது சிக்னல், வலது லேன். நேரே போக நுழையும்போது சிக்னல் வேண்டாம், வலது லேனிலேயே போகலாம், வெளியேறும் வழிக்கு முந்தியதைத் தாண்டியதும் வலது சிக்னல். இடப்பக்கமாகத் திரும்ப இடது சிக்னலோடு உள் லேன், பிறகு வலது சிக்னல் போட்டு வெளியே. லண்டனில் உள் லேனிலிருந்து கோடு காட்டுகிற வழியால் அப்படியே வெளியேறிப் பழகியிருக்கிறோம். பிரான்ஸில் பல வட்டங்களில் அப்படிக் கோடு இல்லை. உள் லேனிலிருந்து வெளியேறுகிறவர், வெளி லேனில் சுற்றுகிறவருக்கு வழிவிட வேண்டும். வெளி லேனிலேயே முழு வட்டத்தையும் சுற்றுகிறவர்கள் அங்கே தாராளம். சந்தேகமென்றால் நீங்களும் அப்படியே சுற்றலாம். வழி தவறிவிட்டால் இன்னொருமுறை சுற்றுங்கள். இருமுறை சுற்றினாலும் ஒருவரும் கேட்கப்போவதில்லை, பின்னால் இருக்கும் பிள்ளைகள் மட்டும் எண்ணுவார்கள். வெளியேறும் வாசலிலேயே பாதசாரிக் கடவை இருக்கும் என்பதை நினைவில் வையுங்கள்.

வானைப் பற்றி ஒன்று. எங்கள் வான்களின் இழுவைக் கதவு இடப்பக்கத்தில் இருக்கிறது. இங்கே அது நடைபாதைப் பக்கம், அங்கே நடுவீதிப் பக்கம். தேர்க் கூட்டத்தில் கோயிலடியில் இறக்கிவிடும்போது பெரியவர் ஒருவர் முதலில் இறங்கி நின்ற பிறகே பிள்ளைகள் இறங்கட்டும்.

பிரான்ஸுக்குப் போவதாகப் பதிவு செய்யும்போதே சொல்லுங்கள். வாடகை வாகனத்தை வெளிநாட்டுக்குக் கொண்டுபோகத் தேவையான வி.ஈ. 103 பத்திரத்தையும் அங்கே செல்லுபடியாகும் காப்புறுதியையும் நாங்கள் ஆயத்தப்படுத்த வேண்டும். சொல்லாமல் கொண்டுபோனால் காப்புறுதி கைகொடுக்காது. எச்சரிக்கை முக்கோணமும் ஒளிரும் மேலங்கியும் வானில் இருக்கும். மேலங்கியைப் பெட்டிகளுக்கு அடியில் தள்ளிவிடாதீர்கள், இருக்கையிலிருந்து கை எட்டும் இடத்தில் இருக்க வேண்டும். எங்காவது உரஞ்சுப்பட்டால் அங்குள்ள சாரதி ‘கொன்ஸ்தா’ என்ற விபத்து அறிக்கைப் படிவத்தை நீட்டுவார். இருவரும் நிரப்பிக் கையெழுத்து வைப்பது வழக்கம். விளங்காத எதிலும் கையெழுத்து வைக்காதீர்கள். படம் எடுங்கள், எங்களுக்கு அழையுங்கள், எந்த நேரமானாலும் பரவாயில்லை. ஆளுக்குக் காயம் என்றால் முதலில் அவசர இலக்கம் 112.

திரும்பி வரும்போதும் இதே கதைதான். ஃபோக்ஸ்டனில் ரயிலிலிருந்து இறங்கியதும் பாதை எம்20 இல் சேர்ந்துவிடும், லண்டன் வரை பெருந்தெரு. மூன்று நாள் வலப்பக்கம் பழகிய கை, நள்ளிரவில், உங்கள் வீட்டுக்கு இரண்டு தெரு முன்னால் உள்ள வெறும் சுற்றுவட்டத்துக்கு வந்து சேரும். ஒட்டுத்தாளின் பின்பக்கத்தில் ‘சாரதி நடுவில், மாமா ஓரத்தில்’ என்று எழுதியிருக்கிறோம். ஃபோக்ஸ்டனில் அதைத் திருப்பி ஒட்டிக்கொள்ளுங்கள்.

வான் எடுக்க வரும் நாளில் அரை மணித்தியாலம் முந்தி வாருங்கள். எதிரே வருகிறவரின் கண்ணில் வெளிச்சம் அடிக்காதபடி முன்விளக்கில் ஒட்டுவதை ஒட்டி, இடது கண்ணாடியை உங்கள் இருக்கைக்கு ஏற்பத் திருப்பித் தருவோம். கடையின் பின்முற்றத்தில் நான்கு பழைய ரயரை வட்டமாக வைத்திருக்கிறோம், மறுவளமாக இரண்டு சுற்று ஓடிப் பார்க்கலாம். மாமாவையும் கூட்டி வாருங்கள்.

அன்புடன்,
உங்கள் வான் வாடகைக் கடையினர்,
ஹரோ