திருகோணமலைக்கு எப்போது வருவது? கும்பகோணத்து ஐயாவுக்கு ஒரு கடிதம்

பெருமதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். அரையாண்டு விடுமுறையில், மார்கழித் திருவாதிரையை ஒட்டி, அம்மாவையும் பேத்தியையும் அழைத்துக்கொண்டு திருகோணமலைக்கு வர எண்ணியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். ஈழத்தின் பாடல் பெற்ற தலங்களான திருகோணமலைக் கோணேசர் கோயில், மன்னார்ப் பக்கத்துத் திருக்கேதீச்சரம் இரண்டையும் கண்ணால் கண்டுவிட வேண்டும் என்ற உங்கள் நெடுநாள் விருப்பம் கைகூடப்போவதில் எனக்கு அளவற்ற மகிழ்ச்சி. ஆனால் நீங்கள் தேர்ந்த காலத்தை மாற்றிக்கொள்ளுமாறு மிகுந்த பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். மார்கழியில் வர வேண்டாம். சித்திரைப் புத்தாண்டுக் கூட்டம் கலைந்த பிறகு, ஏப்ரல் கடைசி வாரத்திலோ மே முதல் வாரத்திலோ வாருங்கள். இதே கேள்வியோடு தமிழ்நாட்டிலிருந்து வேறு பலரும் வருவதால், காரணங்களை எல்லோரும் படிக்கும்படி இங்கேயே எழுதுகிறேன்.

இலங்கைக்குச் செல்ல டிசம்பர் முதல் மார்ச் வரையே ஏற்ற காலம் என்று பயண முகவர் சொன்னதாகக் குறிப்பிட்டிருந்தீர்கள். அவர் சொன்னது தவறில்லை. ஆனால் அது காலி, கொழும்பு, பெந்தோட்டை முதலிய தென்மேற்குக் கரைக்குப் பொருந்தும் கணக்கு. நடுவே உயர்ந்து நிற்கும் மலைநாடு இலங்கையின் மழையை இரண்டாகப் பிரித்துவிடுகிறது. மே முதல் செப்டம்பர் வரை வீசும் தென்மேற்குப் பருவக்காற்று தன் ஈரத்தையெல்லாம் மேற்குக் கரையிலும் மலைச்சரிவுகளிலும் கொட்டிவிட்டு, எங்கள் பக்கம் வந்து சேரும்போது வறண்டுபோயிருக்கும். எங்களுக்கு மழை தருவது உங்கள் காவிரிப் படுகைக்கு மழை தரும் அதே வடகிழக்குப் பருவக்காற்றுதான். ஆண்டு முழுவதும் இங்கே பெய்யும் மழையில் ஏறக்குறைய ஐந்தில் இரண்டு பங்கு நவம்பர், டிசம்பர் ஆகிய இரண்டே மாதங்களில் பெய்துவிடுகிறது. ஐப்பசி, கார்த்திகையில் நாகப்பட்டினத்துக்கு எவரும் கடல் பார்க்கப் போவதில்லை என்பதை அறிந்த உங்களுக்கு இதை நான் விரித்துச் சொல்ல வேண்டியதில்லை.

டிசம்பரில் எங்கள் கடற்கரை எப்படி இருக்கும் என்பதைச் சொல்கிறேன். கோட்டைக்கு வடக்கே உள்ள பின்குடாவில் அலை சாம்பல் நிறத்தில் வரிசை வரிசையாக ஏறி வந்து மணலை அரித்துச் செல்லும். வள்ளங்களைக் கரையில் மேடான இடத்துக்கு இழுத்து ஏற்றி, தென்னையோடு சேர்த்துக் கட்டி வைத்திருப்பார்கள். உப்புவெளியிலும் நிலாவெளியிலும் விடுதிகள் பல பாதிக்கு மேல் மூடிக் கிடக்கும். திறந்திருப்பவற்றிலும் கடலில் இறங்க வேண்டாம் என்றே சொல்வார்கள். கொட்டியாரக் குடாவில் வந்து கலக்கும் மகாவலி பெருகினால் மூதூர்ப் பக்கத்து வீதிகள் நீரில் மூழ்கும். புயல் அச்சமும் உண்டு. 1964 டிசம்பரில் தனுஷ்கோடியை அழித்த புயல் திருகோணமலையைத் தாக்கிய பிறகே அங்கு வந்தது. 2020 டிசம்பர் 2 ஆம் நாள் இரவு புரெவிப் புயல் கரையேறியதும் எங்கள் ஊருக்கு வடக்கே, இதே கரையில்தான். முழங்கால் வலியுள்ள அம்மாவை வழுக்கும் கற்படிகளில் கோயிலுக்கு ஏற்றி இறக்க வேண்டிய நிலையை எண்ணிப்பாருங்கள்.

திருஞானசம்பந்தர் பாடிய ஒலிகடலை மலையுச்சியில் நின்று கேட்க மார்கழியைவிடப் பொருத்தமான காலம் உண்டா என்று கேட்டிருந்தீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. கோணேசர் மலையின் கிழக்குப் பக்கம் முந்நூறு அடிக்கு மேல் செங்குத்தாகக் கடலில் இறங்குகிறது. இராவணன் வெட்டு என்று வழங்கும் பிளவுக்குள் வாடைக்காலத்து அலை புகுந்து மோதும் ஓசை கோயில் வாசல் வரை ஏறி வரும். திருவெம்பாவைக் காலத்து விடியற்பூசையும் அந்த ஓசையும் சேர்ந்து கேட்பது பெரும் பேறு. தனியாக, மழைக்கு அஞ்சாமல், கோயில் ஒன்றையே கருதி வருபவராக நீங்கள் இருந்தால் நான் தடுத்திருக்கவே மாட்டேன்.

ஊரின் வரலாற்றைப் புரிந்துகொள்ளவும் அந்தப் பருவம் உதவும் என்பதையும் மறைக்க விரும்பவில்லை. பாய்க்கப்பல் காலத்தில் சோழமண்டலக் கரை நெடுகிலும், சென்னை உட்பட, வாடைப் புயலுக்கு ஒதுங்கத் தக்க துறைமுகம் ஒன்றுகூட இல்லை. கப்பல்கள் திறந்த கடலில் நங்கூரமிட்டு நின்றன. 1746 செப்டம்பரில் சென்னையைக் கைப்பற்றிய பிரெஞ்சுக் கப்பற்படை, அக்டோபரில் அங்கே நின்ற நிலையிலேயே ஒரு புயலில் சிக்கிச் சிதறியது. அதனால் அக்டோபர் வந்தாலே ஆங்கிலேயக் கப்பற்படை கிழக்குக் கரையை விட்டுப் பம்பாய்க்கு ஓட வேண்டியிருந்தது. அது திரும்பி வரும்வரை கரை காவலின்றிக் கிடந்தது. எங்கள் உட்துறைமுகமோ குன்றுகள் சூழ, வாடைக்காற்று தீண்டாத ஆழ்கடற் குளமாக இருந்தது. 1782 ஆம் ஆண்டு ஒன்றிலேயே சனவரியில் ஆங்கிலேயர் அதை ஒல்லாந்தரிடமிருந்து, அதாவது டச்சுக்காரரிடமிருந்து, பறித்தனர். ஆகஸ்ட் இறுதியில் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் அதை அவர்களிடமிருந்து பறித்தார். செப்டம்பர் 3 ஆம் நாள் இரு கப்பற்படைகளும் ஊருக்கு வெளியே கடலில் மோதின. பருவம் மாறுவதற்குள் துறைமுகம் யார் கையில் இருக்கும் என்பதுதான் அந்த அவசரத்துக்குக் காரணம். பின்பு ஒல்லாந்தரிடமே திரும்பிய ஊர், 1795 இல் மீண்டும் ஆங்கிலேயர் வசமாகி, 1957 வரை அவர்களின் கடற்படைத் தளமாக இருந்தது. இன்றும் டிசம்பரில் பின்குடாவில் அலை கொந்தளிக்கும் அதே நேரத்தில், நகரின் மறுபுறம் நடந்து சென்றால் உட்துறைமுகத்து நீர் அசையாமல் கிடப்பதைக் காணலாம். இத்தனை நாட்டார் இந்த ஊருக்காக ஏன் போரிட்டார்கள் என்பது அந்தச் சிறு நடையிலேயே விளங்கிவிடும்.

இருந்தாலும், நீங்கள் தேடி வரும் கோயிலின் ஒரு பகுதி கடலுக்கு அடியில் இருக்கிறது என்பதை நினைவுபடுத்த வேண்டும். 1622 முதல் 1624 வரையான காலத்தில் போர்த்துக்கீசத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா மலைமேலிருந்த கோயிலை இடித்து, அதன் கற்களைக் கொண்டே கோட்டையைக் கட்டினார். எஞ்சியவை பாறையிலிருந்து கடலில் விழுந்தன. 1956 இல் எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும் அங்கே மூழ்கி, தூண்களையும் செதுக்கிய கற்களையும் கண்டனர். நீங்கள் வணங்கப்போகும் இன்றைய கோயில் அதன் பின் 1963 இல் குடமுழுக்குக் கண்டது. முக்குளிப்பவர்கள் இன்றும் அந்தக் கற்களைப் பார்க்கப் போகிறார்கள். கடல் தெளிந்து அடங்கியிருக்கும் மாதங்களில் மட்டுமே அது இயலும். நீங்கள் மூழ்கப்போவதில்லை என்றாலும், படகில் மலையைச் சுற்றி வந்து, அது கடலிலிருந்து எழுந்து நிற்கும் கோலத்தைக் கீழிருந்து பார்க்காமல் திரும்பக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. டிசம்பரில் அந்தப் பாறையடிக்கு எந்தப் படகும் போகாது.

பேத்திக்கு வேண்டியவையும் அமைதிக் கடலில்தான் உண்டு. நிலாவெளிக்கு எதிரே ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர் தொலைவில் உள்ள புறாத்தீவு 2003 இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்டது. முழங்கால் ஆழத்திலேயே பவளப்பாறைகளும், அவற்றிடையே மேயும் மீன்களும் தெரியும். பவளத்தின்மேல் கால் வைக்கக் கூடாது என்பதைப் பேத்தியிடம் இப்போதே சொல்லி வையுங்கள். கூட்டமான நாட்களில் மிதிபட்டே அது பெருமளவு அழிகிறது. கரைக்கு மிக அருகிலேயே கடல் பெரும் ஆழத்துக்கு இறங்கிவிடுவதால், நீலத்திமிங்கிலங்களும் எண்ணெய்த் திமிங்கிலங்களும் இங்கே வருகின்றன. மார்ச் முதல் ஆகஸ்ட் வரை விடியற்காலையில் படகுகள் புறப்படும். காண்பது உறுதி என்று எவரும் சொல்ல முடியாது, சொன்னால் நம்ப வேண்டாம்.

படகேறாமலே காணக்கூடியது கரைவலை. விடியும் நேரத்தில் உப்புவெளிக் கரையில் போய் நின்றால், வலையின் இரு கயிறுகளையும் இரண்டு வரிசை ஆட்கள் பின்னோக்கி நடந்தபடியே இழுப்பதைப் பார்க்கலாம். கயிற்றின் கடைசியை எட்டியவர் அதை விட்டுவிட்டு, ஈர மணலில் நடந்து நீரோரம் வந்து மீண்டும் முன்னே பிடிப்பார். இழுக்கும்போது ஒருவர் அம்பா என்னும் தொழிற்பாட்டைப் பாட, மற்றவர்கள் ஏலேலோ என்று வாங்கிப் பாடுவார்கள். கடைசியில் மீன் நிறைந்த வலையின் மடி கரையேறும்போது பெண்களும் பிள்ளைகளும் காகங்களும் சூழ்ந்துகொள்ள, கீரி மீனும் சூடை மீனும் வெள்ளி வெள்ளியாகத் துள்ளும். மேற்குக் கடல் குமுறும் மாதங்களில் நீர்கொழும்பு, சிலாபம் பக்கத்துக் கடற்றொழிலாளரும் எங்கள் கரைக்கு வந்துவிடுவதால், அந்தக் காலத்தில் கரை இன்னும் நிறைந்திருக்கும்.

அப்படியானால் சூன், சூலையில் வரலாமே என்று நீங்கள் கேட்கலாம். கச்சான் காற்றை நீங்கள் அறியமாட்டீர்கள். மலைகளைத் தாண்டி, காய்ந்த நிலத்தின் வழியே வரும் அந்த மேல்காற்று, கதவு சன்னல்களை அடித்துச் சாத்தி, வாசலெங்கும் புழுதி கிளப்பி, உதட்டை வெடிக்கச் செய்யும். நிலத்திலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் நீர் தட்டையாகக் கிடந்தாலும், முற்பகல் கடந்தால் வெளிக்கடலில் படகு ஆடத் தொடங்கும். பகல் வெப்பம் 35 பாகையைத் தொடும். இளைஞர்களுக்கு இது ஒரு பொருட்டில்லை; வெளிநாட்டார் பெருந்திரளாக வருவதும் இந்த மாதங்களில்தான். அம்மாவுக்கும் உங்களுக்கும் இது உகந்ததாக எனக்குத் தோன்றவில்லை. ஆகஸ்ட் இங்கே பள்ளி விடுமுறை என்பதால் கூட்டமும் அறை வாடகையும் உச்சத்தில் இருக்கும்.

தை, மாசியைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன், ஏனெனில் எனக்குத் தனிப்பட்ட முறையில் மிகப் பிடித்த மாதங்கள் அவை. மழை ஓய்ந்து, வெயில் ஏறாமல், காற்று குளிர்ந்திருக்கும். கோணேசர் கோயிலை இடிப்பதற்கு முன் எடுத்து ஒளிக்கப்பட்ட திருவுருவங்கள் சிலவற்றை வைத்து எழுப்பியதாகச் சொல்லப்படும் ஆதிகோணநாயகர் கோயில் தம்பலகாமத்தில் இருக்கிறது. கந்தளாய்க் குளத்து நீர் பாயும் அந்த வயல்வெளி, பெரும்போக நெல் பழுக்கும் அந்த மாதங்களில் கண்ணுக்கு எட்டும்வரை பரந்திருக்கும். உங்கள் ஊரை விட்டு வந்ததே தெரியாது. மகா சிவராத்திரிக்குக் கோணேசர் கோயிலில் நாடெங்குமிருந்தும் அடியார்கள் திரள்வார்கள். கடல் மட்டும் அப்போது முழுதும் அடங்கியிருக்காது. பேத்தியின் பள்ளியும் நடந்துகொண்டிருக்கும் என்பதால்தான் இதை முதலாவதாகச் சொல்லவில்லை.

எனவே ஏப்ரல் 20 ஆம் நாளுக்குப் பிறகு, மே மாத முழுநிலவில் வரும் வெசாக் விடுமுறையைத் தவிர்த்து, ஒரு வாரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். கடல் அடங்கியிருக்கும், கச்சான் இன்னும் முழு வேகத்தில் வீசத் தொடங்கியிராது, தமிழ்நாட்டில் கோடை விடுமுறை. பிற்பகலில் எப்போதாவது இடியுடன் ஒரு மழை பெய்யலாம், அவ்வளவுதான். வெயில் கடுமையாகவே இருக்கும் என்பதை மறைக்கவில்லை. ஆனால் நாளைச் சரியாகப் பிரித்துக்கொண்டால் அது துன்பம் தராது. காலை ஆறரை மணிக்கே கோட்டை வாசலுக்கு வந்துவிடுங்கள். அந்த வாசற் கல்லில் பாண்டியரின் இரட்டைக் கயல் பொறியும், குளக்கோட்டன் என்னும் பழைய மன்னனின் திருப்பணியைப் பறங்கியர் அழிப்பர் என்று கூறும் பழைய தமிழ்ப் பாடலின் சிதைந்த எழுத்துகளும் உள்ளன. நீங்கள் அதன்முன் நெடுநேரம் நிற்பீர்கள் என்பது எனக்குத் தெரியும். உள்ளே மரநிழலில் புள்ளிமான்கள் படுத்திருக்கும். பேத்தியிடம் பொலித்தீன் பை எதுவும் இருக்க வேண்டாம், மான்கள் அதைத் தின்றுவிடுகின்றன. அம்மாவை முச்சக்கர வண்டியில் மேலே அழைத்துச் செல்லலாம். கோயில் வாசலுக்கு முன்னுள்ள படிகளை மட்டும் மெல்ல ஏறினால் போதும். கன்னியாவின் ஏழு வெந்நீர்க் கிணறுகளுக்கு வேறொரு நாள் விடியலில் போகலாம்; வெயில் ஏறிய பிறகு வெந்நீரை மேலே ஊற்றிக்கொள்ள எவருக்கும் மனம் வராது. பகல் பதினொன்று முதல் நான்கு வரை அறையை விட்டு வெளியே வர வேண்டாம்.

கோடையில் வரவே இயலாமற் போனால், செப்டம்பர் முதற் பாதி எனக்கு அடுத்தபடியாகத் தோன்றும் காலம். அப்போது ஆகஸ்ட் கூட்டம் கலைந்திருக்கும், வாடை தொடங்கியிராது.

திருக்கேதீச்சரத்தை இதே பயணத்தில் சேர்த்துக்கொள்ள முடியும். கொழும்பிலிருந்து இரவுத் தொடருந்தில் முதலில் இங்கே வந்து, திரும்பும்போது வவுனியா வழியாக மன்னாருக்குச் செல்வது அம்மாவுக்கு அலைச்சலைக் குறைக்கும். படுக்கை இடங்கள் விரைவில் தீர்ந்துவிடுவதால், பேத்தியின் தேர்வு முடியும் நாள் தெரிந்தவுடன் எனக்கு ஒரு வரி எழுதுங்கள். கோட்டைக்கு அருகிலேயே, படியேறத் தேவையில்லாத தரைத்தள அறையாக ஒன்றைப் பார்த்து வைக்கிறேன்.

அம்மாவுக்கு என் வணக்கத்தைத் தெரிவியுங்கள்.

என்றும் அன்புடன்,
திருகோணமலையிலிருந்து உங்கள் மாணவன்