உன்ர மதிலும் சின்னமணியக்காவும்

மச்சான்,

ஏழு மாசமா உனக்கு ஒரு வரி போடேல்ல, நீ அனுப்பின வொயிஸ் மெசேஜ் எல்லாம் கேட்டுட்டு வாய் திறக்காமல் இருந்தன். வேலை கூட எண்டு புளுகினா நம்பவா போறாய், தபால்காரனுக்கு இப்ப என்ன வேலை, பேங்க் கடிதமும் கோட்டுக் கடிதமும்தான். வீட்டில எல்லாரும் சுகம். இவளுக்குச் சீனி கூடியிருக்கு. மூத்தவள் அறிவியல்நகரில எஞ்சினியரிங் கடைசி வருஷம். அது காணும், விஷயத்துக்கு வாறன்.

சின்னமணியக்கா போயிட்டா. கேள்விப்பட்டிருப்பாய், ஆனா எப்பிடிப் போனவ எண்டு உனக்கு ஒருத்தரும் சொல்லியிருக்க மாட்டினம்.

அவவின்ர படலையில இருந்து சுடலை எவ்வளவு தூரம்? உன்ர வளவு ஓரத்து ஒழுங்கையால போய் மதகைத் தாண்டினா முந்நூறு மீற்றர் வராது. அந்த ஒழுங்கை இப்ப உன்ர மதிலுக்குள்ள போட்டுது. பிறகென்ன, பாடையைத் தூக்கிக்கொண்டு முன்பக்கத்தால ஏ9 பெருந்தெருவுக்கு ஏறி, பறை முன்னால போக நாங்கள் பின்னால நடக்க, யாழ்ப்பாண பஸ் ஒண்டு கோண் அடிச்சுப் பார்த்திட்டு எஞ்சினை நிப்பாட்டி நிண்டது, கிளாக்கர் மாமாவுக்கு மூச்சு வாங்கி ஒரு கடை வாசலில இருந்திட்டார், அரைவாசியில தோள் குடுக்க ஆள் காணாமல் லாண்ட்மாஸ்ரர் ட்ராக்டர் பெட்டியில ஏத்தினம். சுத்தி முடிய ரெண்டு கிலோமீற்றருக்கு மேல. பொம்பிளையள் வழமையா மதகடி வரைக்கும் வந்து திரும்புவினம்தானே, அண்டைக்கு எங்க நிக்கிறது எண்டு தெரியாமல் உன்ர மதிலோட நிண்டு அழுதவை. மகள் ஒரு அண்டாவைக் கவிழ்த்து வச்சு, அதில ஏறி நிண்டு மதிலுக்கு மேலால புகையைப் பார்த்தவள்.

அதுக்குப் பிறகுதான் உன்னோட கதைக்கேல்ல. உன்னில கோவம் எண்டு நினைச்சுப்போடாதை. நீ காசு அனுப்பினாய், கல்லு எடுத்து, மேசனைப் பிடிச்சு, முன்னுக்கு நிண்டு அந்த மதிலைக் கட்டினவன் நான்தானே. ஒழுங்கை பிளானில இல்லை எண்டு உன்ர மருமகன் சொன்னான், நானும் தலையாட்டினன். முப்பது வருஷம் அந்த ஒழுங்கையால சைக்கிள் ஓடின நாய் நான்.

அந்தக் கிழமையே மூத்தவளுக்குக் கம்பஸில ஒரு வேலை குடுத்தவை, ஊர்த் தெருவுகளை எண்ணச் சொல்லி. முட்டி நிக்கிற முனைக்கு 1, மூண்டு பாதை சந்திச்சா 3, நாலு எண்டா 4, எல்லாத்தையும் கூட்டிச் சராசரி பார்த்தா ஒரு இடத்தின்ர தெருவுகள் எவ்வளவு தொடுபட்டிருக்கு எண்டு பிடிபடுமாம். உலகத்தில கன இடங்களில 1975 இல இருந்து புதுசாப் போடுற தெருவுகள் வரவரத் தொடுபடாமல்தான் போகுதாம். அமெரிக்காவில 1994 அளவில உது உச்சிக்குப் போய் பிறகு கொஞ்சம் திருந்தினதாம். ஒருக்காப் போட்ட தெரு லேசில மாறாது, வீட்டை இடிச்சுக் கட்டலாம், காணி எல்லையை ஆர் அசைக்கிறது எண்டாள். நான் சொன்னன், பிள்ளை நீ வன்னியில பிறந்துபோட்டு உந்தக் கதை கதைக்காதை எண்டு.

இஞ்ச தெரு சாகும் மச்சான். 1936 இல கிளிநொச்சியில குடியேற்றம் தொடங்கேக்க வாய்க்காலை ஒட்டித்தான் றோட்டு, ஒரு பக்கத்தால போனா மற்றப் பக்கத்தால வரலாம், தபால் சைக்கிளுக்குத் திரும்பிற வேலையே இல்லை. 96 இல ஓடினம், பிறகு 2008 இல திரும்பவும் ஓடினம், 2010 இல வந்து பார்த்தா ஒழுங்கை எது வளவு எது எண்டு தெரியேல்ல, கதியால் எல்லாம் மரமாப் போய் நிண்டுது. கண்ணிவெடி எடுத்த பாதையாலதான் நடந்தம், வேலி போட்டவனும் அதைப் பார்த்துத்தான் போட்டான். ஒருத்தரும் நடக்காத ஒழுங்கை ஆரோ ஒருத்தன்ர வளவுக்குள்ள போனது.

மிச்சத்தை அரசாங்கம் குடுத்த பெமிட் காணி செய்தது. பேப்பரில பிரிக்க விடாயினம், அதால தகப்பன்மார் வாயால பிரிச்சவை, முன்பக்கம் மூத்தவனுக்கு, பின்பக்கம் மகளுக்கு, அவளுக்குப் போக ஆறடி. அந்த ஆறடி அவளின்ர குசினி வாசலில முடியும். இப்ப எங்கட பக்கத்தில மட்டும் இப்பிடிப் பதினொரு ஒழுங்கை, ஒண்டோட ஒண்டு சந்திக்காது, சீப்பு மாதிரி. ஏ9 காபெட் போட்டாப்பிறகு எல்லாக் கடையும் அங்கதான், கரடிப்போக்குச் சந்தியில இருந்து நீட்டுக்குத் தகரமும் கண்ணாடியும். முதுகுப் பக்கத்து வீட்டுக்கு றெஜிஸ்ரர் தபால் குடுக்க நான் ஏ9 க்கு வந்து சுத்திப் போக வேணும், அதால வேலியால நீட்டிக் கையெழுத்து வாங்கிறன், இதை ஒருத்தருக்கும் சொல்லிப்போடாதை.

நீ சிரிப்பாய். கனடாவில டொன் மில்ஸில வந்திறங்கின புதுசில நீ எழுதின கடிதம் இன்னும் ட்ரங்குப் பெட்டிக்குள்ள கிடக்கு, பால் வாங்க வெளிக்கிட்டு வளைஞ்சு வளைஞ்சு நடந்து கடைசியில உன்ர வாசலுக்கே வந்து நிண்டனி எண்டு. அந்த இடத்தை 1950களில வேணுமெண்டுதான் அப்பிடிக் கட்டினவங்களாம், வெளி வாகனம் ஊடால ஓடக்கூடாது எண்டு. ஆனா நடக்கிறதுக்கு வேற பாதை விட்டவங்கள். நாங்கள் காருக்கும் விடேல்ல காலுக்கும் விடேல்ல.

இப்ப கேள். உன்ர காணியை மருமகன் எட்டுத் துண்டாப் பிரிக்கிறான், பிளானைப் பார்த்தன். நடுவில இருபதடி றோட்டு, நல்லது. அது பின்மதிலோட முட்டி நிக்குது. மதிலுக்கு அங்கால வாய்க்கால், அதில எங்கட மதகு, பற்றைக்குள்ள இன்னும் உடையாமல் கிடக்கு, நேற்றும் போய்க் காலால தட்டிப் பார்த்தன். எட்டாம் துண்டில ரெண்டு பேர்ச் குறைச்சு மதிலை வெட்டிவிட்டா அந்த றோட்டு சுடலைக்கும் பள்ளிக்கூடத்துக்கும் ஊடால போகும். துண்டுக்கு விலை குறையும் எண்டு மருமகன் சொல்லுவான். குறையும்தான், சுடலைப் பாதை வாசலால போனா ஆர் கூடக் காசு தருவினம். உறுதி உன்ர பேரில இருக்கு, நீ சொன்னா அவன் செய்வான், நான் சொன்னா சிரிக்கிறான்.

சனிக்கிழமை சேவையர் கல்லுப் போட வாறார். கல்லுப் போட்டாப்பிறகு கதைச்சு வேலையில்லை. வெள்ளி இரவுக்குள்ள எடு, எங்கட ஒன்பது மணிக்குப் பிறகு எடு, அதுக்கு முதல் இவள் நாடகம் பார்ப்பாள், ஃபோன் அவளின்ர கையில. மதில் வெட்டுற கூலி நான் தாறன்.

கிளாக்கர் மாமா உன்னைக் கேட்டவர், சைக்கிளைத் திருப்பித் தருவானோ எண்டும் கேட்டவர்.