செவலையை வண்டி ஏற்றிவிடாதே

சென்னை,
ஆடி 1

மாப்ளே,

இங்க எல்லாரும் சுகம். தங்கச்சியோட முழங்கால் வலி தேவலையா? மூணு மாசமா எழுதாம இருந்தது என் தப்புதான், திட்டுறதை நேர்ல வச்சுக்கோ. இப்போ எழுதுறது உன் செம்மறிக் கிடா செவலைக்காக. ஆடிக் கிடாவெட்டுக்கு நல்ல விலை கேக்குறாங்க, ஞாயித்துக்கிழமை வண்டி வருதுன்னு பெரியவர் சொன்னார். "பெட்டை மேல ஏறுது, ஆனா சினை நிக்கலை, மலடு"ன்னு தீர்ப்பே எழுதிட்டியாமே! நம்ம விடுதி வார்டன் கூட விசாரிச்சுட்டுத்தான் அபராதம் போடுவார்.

கணக்கு போட்டுப் பாரு. விந்தணு ஒண்ணு உருவாக ஏறக்குறைய 49 நாள், அது விதைக்கொட்டைக்குப் பின்னால இருக்கிற குழாய்ல முதிர்ந்து வெளிய வர இன்னும் 10, 14 நாள். ஆக ரெண்டு மாசம். இன்னிக்கு செவலை விடுற விந்து, மே மாசம் கத்திரியில உருவானது. செம்மறிக்கு உடம்புச் சூடு 39 டிகிரி. விதைக்கு அதைவிட நாலஞ்சு டிகிரி குறைவா வேணும். அதுக்குத்தான் பை தொங்குது, வேர்க்குது. மதுராந்தகத்துல 40 டிகிரி வெயில், மேல தகரக்கூரை, ராத்திரியிலும் புழுக்கம். வேர்வை காயாம எப்படிக் குளிரும்?

"சூட்டுல கெட்டிருந்தா எப்படி ஏறுது?"ன்னு நீ கேப்பே. உன்னைக் குழப்பினது இந்த இடம்தான். ஆண்மைச் சுரப்பைத் தர்ற செல்லு சூட்டை ஓரளவு தாங்கும், விந்தணு உருவாகிற குழாய் தாங்காது. அதனால ஆசை குறையாமலே விந்து கெட்டுப் போகும். ஏறுறதை வச்சுக் கிடாவை எடை போடாதே.

நீ அனுப்பின அந்த "கொட்டகையை இருட்டாக்கினா கிடா தேறும்" சேதியையும் படிச்சேன். அது பொய்யில்லை, ஆனா ஸ்காட்லாந்துக் கிடாவுக்குச் சொன்னது. அங்க கோடையில பகல் 17 மணி நேரத்துக்கும் மேல, குளிர்காலத்துல 7 மணி நேரம். ராத்திரி நீளும்போது மூளையில பீனியல் சுரப்பி மெலடோனினை அதிக நேரம் சுரக்கும். கிடா அதை வச்சுப் பருவத்தைத் தெரிஞ்சுக்கும், சுருங்கிக் கிடந்த விதை மறுபடி பருக்கும். நம்ம ஊர்ல நீளப் பகலுக்கும் குட்டைப் பகலுக்கும் ஒன்றரை மணி நேரம்தான் வித்தியாசம். செவலை மாதிரி மெட்ராஸ் சிவப்பு இன ஆட்டுக்கு வெயிலும் தீவனமும்தான் பஞ்சாங்கம். இருட்டடிச்சா இருக்கிற காத்தும் போயிடும், வேண்டாம்.

நாளைக்குக் காலையில, வெயில் ஏறுமுன்னே இதைச் செய். தையல் டேப்பை எடுத்துக்கோ. பின்னாலிருந்து பையோட கழுத்தைப் பிடிச்சு ரெண்டு விதையையும் மெதுவா கீழே தள்ளு. பெருத்த இடத்துல சுத்தி அள, இறுக்காதே. மார்ச்ல நோட்டுல எழுதினியே, அதோட ஒப்பிடு. அப்புறம் விரலால அமுக்கிப் பாரு. கெட்டியா, அமுக்கினா திரும்பி வரணும். கொழகொழன்னு இருந்தா சூட்டுல வாடினது, தேறும். விதைக்குக் கீழ்நுனியில ஒரு பக்கம் மட்டும் கல்லு மாதிரி கட்டி தட்டுப்பட்டா அது தொத்து வியாதியா இருக்கலாம். அப்போ உடனே பிரிச்சுக் கட்டி டாக்டரைக் கூப்பிடு. அதுதான்னு உறுதியானா விக்கிறதுக்கு நானே சம்மதிக்கிறேன்.

விந்து பரிசோதனையும் செய். நல்லதுன்னா ஒரு மில்லி அளவுக்கு, பாலாடை மாதிரி திக்கா இருக்கும். தண்ணிப்பாலா இருந்தாலும் ஒரே பரிசோதனையில முடிவு கட்டாதே, ரெண்டு மாசம் கழிச்சு மறுபடி பாரு.

தீவனம்: அடர்தீவனம் 100 கிராம்ல ஆரம்பிச்சு ஒரு வாரத்துல 300, 400 கிராமுக்கு ஏத்து. ஒரே நாள்ல கொட்டினா வயிறு புளிச்சுப் படுத்துடும். தாது உப்பு சேரு. பச்சை கட்டாயம் வேணும். கோடை முழுக்கக் காய்ஞ்ச புல்லைத் தின்னா வைட்டமின் ஏ குறையும், விதைக்கு அது கேடு. வேலிமசால் தீவனச் செடி உன் வரப்புலயே இருக்கே! ஆனா கொழுக்க விடாதே, பைக்கழுத்துல கொழுப்பு சேர்ந்தா சூடு இறங்காது. தகரத்து மேல தென்னங்கீத்து போடு. மேய்ச்சல் காலையில பத்து மணி வரைக்கும், அப்புறம் நாலுக்கு மேல.

செப்டம்பர் முதல் வாரம் வரைக்கும் மந்தையை விட்டுத் தள்ளி வை, வாசனைகூட எட்டாத தூரத்துல. திடீர்னு புதுசா வந்தா பெட்டைகளும் சேர்ந்தாப்ல பருவத்துக்கு வரும். 25 பெட்டைக்கு மேல விடாதே. நெஞ்சுல எண்ணெயில குழைச்ச காவியைப் பூசு, சினை நிக்காத பெட்டை 17 நாள்ல மறுபடி பருவத்துக்கு வரும், அதனால 17 நாளைக்கு ஒருதரம் நிறத்தை மாத்து. முதுகுல ரெண்டாவது நிறம் விழுந்த பெட்டைக்கு முதல் தடவை நிக்கலைன்னு தெரிஞ்சுடும். செப்டம்பர்ல சேர்ந்தா தை மாசக் கடைசியில குட்டி, மழை விட்டிருக்கும். இப்போ நின்னிருந்தா டிசம்பர்ச் சேத்துல ஈன்று, பாதிக் குட்டியைச் சளிக்குக் கொடுத்திருப்பே.

ஐப்பசியில நீலநாக்கு நோய் வரும், தடுப்பூசியை இப்பவே கேட்டு வை. காய்ச்சல் கண்டு தேறின கிடாவையும் ரெண்டு மாசம் நம்பாதே, கணக்கு அதே கணக்குதான்.

டேப் அளவை நாளைக்கே போன்ல சொல்லு. வண்டிக்காரனுக்கு இன்னிக்கே ஆள் அனுப்பிடு, மாப்ளே. பெரியவருக்கு என் வணக்கம்.

உன்
மச்சான்