சக்கரம் இருந்தால் போதுமா?

அன்புள்ள நண்பா,

உன் கடிதமும், கண்காட்சிப் போட்டிக்கு நீ தயாரிக்கும் தபால்தலைத் தொகுப்பின் திட்டத் தாளும் வந்து சேர்ந்தன. 'போக்குவரத்தும் நாட்டு மரபும்' என்று தலைப்பு. ரயில், கப்பல், விமானம், கோட்டை, கோயில் என்று ஐந்து பிரிவு. இடமோ ஒரே சட்டகம் (கண்காட்சியில் தாள்களை வைக்கும் பலகை), 16 தாள். பிரிவுக்கு மூன்று தாள்தான் தேறும். கோயிலுக்கும் கப்பலுக்கும் என்ன உறவு என்று நடுவர் கேட்டால் உன் தாளில் பதில் இல்லை. படத்தில் சக்கரம் தெரிந்தால் எடுத்து ஒட்டுவது சேகரிப்பு ஆகலாம், கண்காட்சித் தொகுப்பு ஆகாது.

மதிப்பெண் எங்கே இருக்கிறது என்று முதலில் பார். பன்னாட்டுப் போட்டி விதிப்படி, உன்னுடையதுபோல் ஒரு பொருளைத் தலைகளால் சொல்லும் கருப்பொருள் வகைக்கு நூற்றில் 35 பொருளைக் கையாளும் விதத்துக்கு. அதில் தலைப்புக்கும் திட்டத்துக்கும் மட்டும் 15, கதையை வளர்ப்பதற்கு 15, புதுமைக்கு 5. அறிவுக்கு 30, தலைகள் பழுதில்லாமல் இருக்கும் நிலைக்கு 10, அவை கிடைப்பதன் அருமைக்கு 20. அழகாக ஒட்டியதற்கு வெறும் 5. நீ அலங்காரக் கோடு போடச் செலவழிக்கும் நேரம் அந்த ஐந்துக்குத்தான்.

என் யோசனை இது: தபாலைச் சுமந்த வாகனமே மரபு என்று வைத்துக்கொள். முதுகெலும்பாக 1937-இல் இந்தியா வெளியிட்ட ஆறாம் ஜார்ஜ் வரிசை இருக்கட்டும். 2 அணாவில் தபால் ஓட்டக்காரர், இரண்டரை அணாவில் மாட்டுவண்டி, 3 அணாவில் டோங்கா என்ற குதிரைவண்டி, மூன்றரையில் ஒட்டகம், 4 அணாவில் ரயில், 6-இல் கப்பல், 8-இல் லாரி, 12-இல் விமானம். காலால் ஓடுவதில் தொடங்கி, விலை ஏற ஏற வானம் வரை போகிறது. இந்த எட்டுமே உனக்கு எட்டு அத்தியாயம். இவற்றைப் புத்தம்புதிதாக ஒரே வரிசையில் ஒட்டிவிடாதே. அத்தியாயத்துக்கு ஒன்றாகப் பிரித்து வை. விமான அத்தியாயத்தில் விமானத்தில் போன உறை ஒன்று, கப்பலுக்குப் 'பாக்கெபோட்' முத்திரை விழுந்த உறை ஒன்று. கப்பலிலேயே எழுதி, கப்பலின் நாட்டுத் தபால்தலை ஒட்டி, அடுத்த துறைமுகத்தில் கொடுத்த கடிதத்துக்கு விழும் முத்திரை அது. அதனால்தான் ஒரு நாட்டின் தலைமேல் இன்னொரு நாட்டுத் துறைமுகத்தின் பெயர் இருக்கும். தெரியாதவர்கள் அதைப் போலி என்று ஒதுக்கிவிடுவதும் உண்டு.

தொடக்கத் தாளுக்கு இன்று கனடாவில் இருக்கும் நியூ பிரன்ஸ்விக் 1860-இல் வெளியிட்ட 1 சென்ட் ரயில் என்ஜின் பொருந்தும். தசம நாணயத்துக்கு மாறியபோது வந்த வரிசை அது. பன்னிரண்டரை சென்டில் நீராவிக்கப்பல். தபால்தலை என்றால் அரசர் தலைதான் என்றிருந்த காலத்தில் இது பெரிய துணிச்சல். அமெரிக்கா 1869-இல் குதிரைவீரன், என்ஜின், கப்பல் என்று போட்டுப் பார்த்தது. மக்களுக்குப் பிடிக்கவில்லை, மறு ஆண்டே பழையபடி தலைவர்களின் முகங்கள் வந்துவிட்டன. பெருவின் 1871 ரயில் தலையை உலகின் முதல் நினைவுத் தலை என்று பலர் சொல்கிறார்கள், எல்லோரும் ஏற்பதில்லை. விளக்கத்தில் 'கருதப்படுவது' என்றே எழுது. நடுவர்கள் இந்த இடத்தில்தான் பிடிப்பார்கள்.

தலைகீழ்ப் பிழைகள் போக்குவரத்துத் தலைகளில் நிறைய. காரணம் எளிது. இரண்டு நிறம் என்றால் தாள் அச்சு இயந்திரத்துக்குள் இரண்டு முறை போக வேண்டும்: ஒரு முறை படத்தைச் சுற்றிய ஓரச் சட்டம், ஒரு முறை நடுப்படம். இரண்டாம் முறை தாளைத் திருப்பி வைத்துவிட்டால் வண்டி கவிழ்ந்துவிடும். 1901-இன் அமெரிக்கக் கண்காட்சி வரிசையில் 1 சென்ட் ஏரிக் கப்பலும் 2 சென்ட் ரயிலும் அப்படித்தான் தவறி வெளியே வந்தன. 4 சென்ட் மின்சாரக் காரின் தலைகீழ் மட்டும் வேண்டுமென்றே அச்சிட்டது. 1918-இன் 24 சென்ட் ஜென்னி விமானத்தில் நூறு தலை கொண்ட ஒரு தாள் தலைகீழாக அச்சாகி வெளியானதை நீ அறிவாய். உன் தொகுப்பில் இவை இல்லாவிட்டாலும் ஒன்றும் குறையில்லை, நல்ல பிரதிகளோடு காரணத்தை எழுதினாலே போதும்.

1980-களின் 'லீடர்ஸ் ஆஃப் தி வேர்ல்டு' என்ஜின் வரிசைகளில் மட்டும் கை வைக்காதே. ரயில் பாதையே இல்லாத பசிபிக் தீவு நாடான துவாலு அவற்றை அடுக்கடுக்காக வெளியிட்டது. ஒரு ஜோடியில் ஒன்று என்ஜினின் பக்கவாட்டு வரைபடம், மற்றொன்று அது ஓடும் காட்சி; பார்க்க நன்றாகத்தான் இருக்கும். ஆனால் அந்த நாட்டின் மரபுக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அதில் கிடைக்கும் நிறம் விட்டுப்போன 'பிழை'களையும் அருமைக் கணக்கில் சேர்க்காதே.

மரபுப் பக்கத்துக்கு உன் கோட்டைகளை விட்டுவிடு. 1993-இல் இந்தியா மலை ரயில் என்ஜின்கள் என்று நான்கு தலை போட்டது: மாத்தேரான், டார்ஜிலிங், நீலகிரி, கால்கா–சிம்லா. அவற்றில் மூன்று பிறகு உலகப் பாரம்பரியப் பட்டியலில் ஏறின: டார்ஜிலிங் 1999, நீலகிரி 2005, கால்கா–சிம்லா 2008. பட்டியலுக்கு முன்பே தலை வந்துவிட்டது பார், உன் தலைப்பு அங்கேதான் உயிர் பெறுகிறது. நீலகிரித் தலைக்குக் கீழே 'அழகிய மலை ரயில்' என்று எழுதினால் வீண். கல்லாறு–குன்னூர் இடையே பல்சக்கரம் தண்டவாள நடுவே உள்ள பல்சட்டத்தைக் கவ்வி ஏறுகிறது, சரிவு 12-க்கு 1, ஏறும்போது என்ஜின் கீழ்ப்பக்கம் நின்று தள்ளுகிறது என்று எழுது. ஏறும் ரயிலின் மேல்முனையில் என்ஜினைக் காட்டும் பட அட்டை கிடைத்தால் சந்தேகப்படு.

படத்தை நம்பாதே என்பதற்கு நல்ல சாட்சி 1949-இன் தொல்லியல் வரிசை. அதில் 1 அணா போதிசத்துவர் இடவலம் மாறி அச்சாகி, நீட்டிய கை இடக்கையாகிவிட்டது. 1950-இல் திருத்தி வலக்கையாக்கினார்கள். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வை. அதே வரிசையின் 6 பை (அன்றைய சிறுகாசு) மதிப்புள்ள கோணார்க் குதிரை உன் தலைப்புக்கு இன்னும் நெருக்கம்: தேர் வடிவக் கோயிலைச் சேர்ந்த குதிரை அல்லவா?

உச்சப்பட அட்டை, அதாவது தலையில் உள்ள அதே படம் கொண்ட அஞ்சலட்டையில் அந்தத் தலையை ஒட்டி முத்திரையிட்டது, சேர்ப்பதானால் மூன்று பொருத்தம் வேண்டும்: தலையும் அட்டைப் படமும் ஒரே பொருளாக இருக்க வேண்டும், முத்திரை அந்த இடத்தோடு தொடர்புடையதாக, தேதி தலை செல்லுபடியாகும் காலத்துக்குள். தலை படப் பக்கத்திலேயே ஒட்டப்பட வேண்டும். தலையையே பெரிதாக்கி அச்சிட்ட அட்டை கூடாது.

கடைசியாக, கைவேலை. உறையிலிருந்து தலையை ஊறவைத்து எடுக்கும் பழக்கத்தை இந்தத் தொகுப்புக்கு விட்டுவிடு. பயணத்தின் சான்று முத்திரையிலும் உறையிலும்தான். உறைத் துண்டோடு கிடைக்கும் உதிரித் தலை என்றால் வெதுவெதுப்பான நீரில் படம் கீழே இருக்க மிதக்கவிட்டு, தானாகக் கழன்ற பிறகு எடு. நிற உறைத் துண்டுகளைத் தனிக் கிண்ணத்தில் போடு, சாயம் இறங்கும். நீர்க்குறி (தாளுக்குள்ளேயே பதிந்த அடையாளம்) பார்க்கப் பெட்ரோலியப் பென்சின் (benzine) ஊற்றுவதற்கு முன் அச்சு வகையைக் கவனி, போட்டோகிராவ்யூர் என்ற அச்சு முறையின் மையைப் பென்சின் கரைத்துவிடும். பசையோடு இருக்கும் புதுத் தலைக்கு ஹிஞ்ச் (தலையைத் தாளில் ஒட்டும் சிறு பசைத்தாள்) ஒட்டாதே. பாலியெஸ்டர் உறை போடு. மலிவான பிளாஸ்டிக் பக்கம் வேண்டாம், நாளடைவில் மை அதில் ஒட்டிக்கொள்ளும். ஓரத் துளை அளவு என்பது இரண்டு சென்டிமீட்டருக்கு எத்தனை துளை என்பது. 1937 வரிசை வாங்கும்போது நான்கு ஓரத்தையும் எண்ணு, வெட்டித் திருத்தியதாக இருந்தால் ஒரு ஓரம் பொய் சொல்லிவிடும்.

புதுத் திட்டத்தை ஒரே தாளில், அத்தியாயத்துக்கு இரண்டு வரிக்கு மிகாமல் எழுதி அனுப்பு. தாள் எண்ணையும் போடு.

அன்புடன்,
உன் நண்பன்